கட்-ஆப்பில் வராத ஆங்கிலம் காலேஜில் காலை வாருது! முதல் வருஷ என்ஜினீயரிங் மாணவர்கள் தப்பிப்பது எப்படி?

காரிமங்கலம்:-

பிளஸ்-2 கணக்கில் செஞ்சுரி அடித்த பையன். இயற்பியல், வேதியியலிலும் நல்ல மார்க். என்ஜினீயரிங் சீட் கிடைத்ததும் தெருவுக்கே சாக்லேட் கொடுத்த குடும்பம். காலேஜ் திறந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. "எனக்கு இந்தப் படிப்பு வேணாம்ப்பா, ஊருக்கே வந்துடறேன்" என்று போனில் அழுகிறான்.

என்ன ஆச்சு? ராகிங்கா? ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கலையா? அதெல்லாம் இல்லை. கிளாசில் பேசுகிற இங்கிலீஷ் புரியலை. அவ்வளவுதான்! இந்த மாதிரி போன் காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பல வீடுகளுக்குப் புதுசு இல்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மார்க்கில் சேராத பாடம்

தமிழ்நாட்டில் என்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு கட்-ஆப் மொத்தம் 200. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஆங்கில மார்க் இதில் ஒரு புள்ளிகூட சேராது. நுழைவுத்தேர்வு ஒழிக்கப்பட்டு 2007-ம் ஆண்டு முதல் பிளஸ்-2 மார்க்கை வைத்துத்தான் சீட்.

அதனால் பையன் என்ன செய்வான்? ராத்திரி பகலாக கணக்கு போடுவான். இங்கிலீசை கைடு வைத்து நாலு கட்டுரை மனப்பாடம் செய்து பாஸ் ஆகிவிடுவான். அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. எதற்கு மார்க்கோ அதைத்தானே படிப்பான்!

ஆனால் காலேஜில் கால் வைத்த அன்றே கதை தலைகீழ். கணக்கு புத்தகம் இங்கிலீஷ். இயற்பியல் இங்கிலீஷ். போர்டில் எழுதுவது, பரீட்சை கேள்வி எல்லாமே இங்கிலீஷ். சீட்டுக்கு வேண்டாத பாடம், சீட் கிடைத்த பிறகு எல்லா பாடத்துக்கும் வாசலில் நிற்குது.

கதவு திறந்தது, வாய் திறக்கலை

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ஜினீயரிங் எட்டாக்கனியாக இருந்த காலம் ஒன்று உண்டு. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி 1994-ல் வந்தது. தர்மபுரி செட்டிக்கரையில் 2013-ல் வந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு 2010 முதல் கல்விக் கட்டண சலுகை கிடைத்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-ல் என்ஜினீயரிங்குக்கும் வந்தது. அதில் சேருகிறவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது.

ஆக, பணத்துக்கு வழி பிறந்தது. சீட்டுக்கும் வழி பிறந்தது. பாக்கி இருப்பது இந்த பாஷை பயம்தான்.

தமிழ் வழியில் படிக்கலாமே என்று கேட்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழில் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனாலும் பெரிய கம்பெனி இன்டர்வியூவில் உட்கார்ந்தால் முதல் கேள்வி இங்கிலீசில்தான் வரும்.

ஒரு பேப்பரோடு போகாது

இங்கிலீஷ் வராவிட்டால் இங்கிலீஷ் பேப்பர்தானே போகும் என்று நினைக்காதீங்க. கிளாசில் சந்தேகம் வருது. தமிழில் கேட்டால் சிரிப்பாங்களோ என்று பயம். இங்கிலீசில் கேட்க வாய் வரலை. கேட்காமல் விட்ட ஒரு சந்தேகம் மறுநாள் இரண்டாகிறது. செமஸ்டர் முடியும்போது கணக்கிலும் இயற்பியலிலும் அரியர் விழுது. கணக்கில் புலியாக இருந்த பையன் கணக்கிலேயே தோற்கும் பரிதாபம் இப்படித்தான் நடக்குது.

கிளாசில் என்ன சொல்லித் தர்றாங்க?

அண்ணா பல்கலைக்கழகம் 1990-லேயே என்ஜினீயரிங் மாணவர்களுக்கு என்றே தனி ஆங்கிலப் புத்தகம் தயாரித்தது. கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது என்ற நாலு திறமைக்கு அதில் முக்கியத்துவம் கொடுத்தார்கள்.

2021-ம் ஆண்டு பாடத்திட்டத்தில் முதல் வருஷ ஆங்கிலம் இன்னும் வேலைக்குப் பக்கத்தில் வந்தது. தன்னை அறிமுகம் செய்து மெயில் எழுதுவது, ஒரு பொருள் எப்படி வேலை செய்யுது என்று விளக்குவது, வரைபடத்தைப் பார்த்து வாக்கியமாக எழுதுவது எல்லாம் அதில் உண்டு. பேசிப் பழக லேப் வகுப்பும் வைத்தார்கள். நண்பனை அறிமுகம் செய்வது, கூட்டாக விவாதிப்பது, ஒரு பொருளைப் பற்றி எல்லார் முன்னாலும் பேசுவது அங்கே பயிற்சி. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி இருக்கு.

இந்த லேப் வகுப்பில்தான் பசங்க கோட்டை விடுகிறார்கள். 60 பேர் இருக்கிற வகுப்பில் நல்லா பேசுகிற 5 பேர் முன்னால் நிற்பார்கள். நம்ம ஊர் பையன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொள்வான். பேச வேண்டிய இடத்திலேயே பேசாமல் வந்தால் எங்கே போய் பேசுவது?

நாக்கு எங்கே தடுக்குது?

நாம் தமிழில் யோசித்து அதை அப்படியே மாற்றுகிறோம். "நான் சந்தைக்குப் போனேன்" என்பதில் போன விஷயம் கடைசியில் வருது. இங்கிலீசில் 'ஐ' என்றதுமே 'வென்ட்' வந்துவிடணும். அப்புறம்தான் சந்தை. இந்த ஒரு வரிசை பிடிபட்டால் பாதி பயம் போய்விடும்.

இன்டர்வியூவில் அடிக்கடி வரும் சில தப்புகளையும் பாருங்க. "மைசெல்ப் குமார்" என்று ஆரம்பிக்கக் கூடாது. "ஐ ஆம் குமார்" போதும். "மை நேட்டிவ் இஸ் காரிமங்கலம்" வேண்டாம். "ஐ ஆம் பிரம் காரிமங்கலம்" என்று சொல்லணும். "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" தப்பு. "ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்" சரி.

அப்பா கன்னடம் பேசியது எப்படி?

நம்ம ஊரில் இருந்து பெங்களூருக்கு கட்டிட வேலைக்குப் போனவங்க எத்தனை பேர்! ஒருத்தராவது கன்னட இலக்கணப் புத்தகம் வாங்கினாங்களா? ஆறு மாசத்தில் மேஸ்திரியிடம் கூலி பேசுகிற அளவுக்குக் கன்னடம் வந்தது. தப்புத் தப்பாகத்தான் ஆரம்பித்தார்கள். வெட்கப்பட்டால் கூலி குறையும் என்பதால் வெட்கப்படலை. செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் வாரச்சந்தைக்குப் போய் நின்று பாருங்க. ஒரே ஆள் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மாற்றி மாற்றி விலை பேசுவார். பள்ளிக்கூடமே போகாத அவருக்கு மூணு பாஷை வருது. பிளஸ்-2 பாஸ் செய்த மகனுக்கு இன்னொன்று வராதா?

மாணவர்கள் செய்ய வேண்டியது

* தினமும் 10 நிமிஷம் வாய்விட்டுப் படிங்க. காதில் விழாத பாஷை நாக்கில் வராது.

* கிளாசில் வாரம் ஒரு கேள்வியாவது இங்கிலீசில் கேளுங்க. முதல் நாளே எழுதி வைத்துப் படித்தாலும் பரவாயில்லை.

* உங்களைப் போலவே பயப்படுகிற 3 பேரைச் சேர்த்துக்கொள்ளுங்க. சாப்பாட்டு நேரத்தில் கால் மணி நேரம் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க.

* தெரிந்த விஷயத்தைப் பேசுங்க. கிணற்று மோட்டார் எப்படி ஓடுது, தக்காளிக்கு சொட்டு நீர் எப்படிப் போகுது என்று 5 வாக்கியம் சொல்லிப் பாருங்க. விவசாய வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

* உங்க குரலை செல்போனில் பதிவு செய்து கேளுங்க. போன மாசம் பேசியதையும் இன்றைக்குப் பேசியதையும் வைத்துப் பார்த்தால் முன்னேற்றம் உங்களுக்கே தெரியும்.

பெற்றோர் கவனத்துக்கு

"முப்பது நாளில் சரளமாகப் பேசலாம்" என்ற நோட்டீசைப் பார்த்து கடன் வாங்கிப் பணம் கட்டாதீங்க. காலேஜ் லேப் வகுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே நல்ல பலன் கிடைக்கும். அந்த வகுப்பு நடக்குதா, பையன் எழுந்து பேசுகிறானா என்று கேளுங்க.

"அவன் கான்வென்ட்டுல படிச்சவன், நீ எங்கே" என்று ஒப்பிட்டுப் பேசாதீங்க. பிள்ளை வீட்டில் தப்பும் தவறுமாக இங்கிலீஷ் பேசினால் சிரிக்காதீங்க. முதல் செமஸ்டர் முடிவதற்குள் அந்த வெட்கம் போகணும். போய்விட்டால் மீதி ஏழு செமஸ்டரை அவனே பார்த்துக்கொள்வான்.

"ஊருக்கே வந்துடறேன்" என்று போன் வந்தால் பதறாதீங்க, திட்டவும் வேண்டாம். "நான் பெங்களூர்ல முதல் மாசம் முழிச்சதை சொல்றேன், கேளுப்பா" என்று ஆரம்பிங்க. அவனுக்கு அன்றைக்குத் தேவையான பாடம் அதுதான்.