பல்பை மாற்றுவதற்கு முன்

“அண்ணே, ஹெட்லைட் மஞ்சளா மினுக்கு மினுக்குன்னு எரியுது. வெள்ளையா பளிச்சுன்னு ஒரு எல்இடி போட்டுடலாமா?” சென்னைப் புதுப்பேட்டையில் எந்த உதிரிபாகக் கடை வாசலில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கடைக்காரர் ஒரு பெட்டியைப் பிரிப்பார், கால் மணி நேரத்தில் மாட்டியும் கொடுத்துவிடுவார். கேட்டவருக்கு வேண்டியது வெள்ளை வெளிச்சமா, ராத்திரியில் பாதை தெரிவதா என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. இரண்டும் வேறு வேறு சங்கதி. டீ சொல்லியாயிற்று, வரட்டும். நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் நிறம். ஹாலஜன் பல்பின் ஒளி சுமார் 3,200 கெல்வின், அதாவது இளமஞ்சள். கடையில் ‘கூல் ஒயிட்’ என்று விற்கும் எல்இடி 6,000 கெல்வினுக்கு மேல். கெல்வின் நிறத்தின் கணக்கு மட்டுமே. எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதை லூமென்தான் சொல்லும். பெட்டியில் கெல்வின் எண்ணைப் பெரிதாகவும் லூமெனைப் பொடியாகவும் அச்சடித்திருந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

நீலச் சாயம் பூசிய ‘வெள்ளை ஹாலஜன்’ இதற்கு நல்ல உதாரணம். உள்ளே இருப்பது அதே டங்ஸ்டன் கம்பிச்சுருள். கண்ணாடி மேல் உள்ள நீலப்பூச்சு மஞ்சளையும் சிவப்பையும் கொஞ்சம் விழுங்கிக்கொள்வதால் மிச்சம் வெள்ளையாகத் தெரிகிறது. விழுங்கியது போனது போனதுதானே! அதை ஈடுகட்டக் கம்பியை இன்னும் சூடாக எரிய வைக்கிறார்கள். பல்பு சீக்கிரம் பியூஸ் போகிறது.

அடுத்து, பல்பையே கையில் எடுத்துப் பார்க்கலாம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இல் பல வருடங்களாக வந்தது எச்4 பல்பு: 60/55 வாட். ஹை பீமில் சுமார் 1,650 லூமென், லோ பீமில் 1,000. ஸ்பிளெண்டர் வகை வண்டிகளில் எச்எஸ்1: 35/35 வாட், 825/525 லூமென். பிடிக்கும்போது தகரத்தில் பிடியுங்கள். கண்ணாடியில் விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி, எரியும்போது அந்த இடம் மட்டும் அதிகம் சூடாகும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிடலாம்.

உள்ளே இரண்டு சுருள்கள் தெரியும். முன்னால் இருப்பது லோ பீம் சுருள். அதன் அடியில் மட்டும் குழிவான ஒரு குட்டித் தகடு. கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறித்துவிடும். ரிஃப்ளெக்டரின் மேல்பாதிக்கு மட்டுமே ஒளி போய், அங்கிருந்து கீழே சாலையில் விழும். சுவருக்கு நேரே லோ பீம் போட்டால் ஒரு கோடு தெரிகிறதே, கீழே வெளிச்சம் மேலே இருட்டு என்று, அது இந்தத் தகட்டின் வேலை. எதிரே வருபவர் கண் கூசாமல் இருப்பது அந்தக் கோட்டினால்தான். சுருள் சில மில்லிமீட்டர் நீளம்தான். அது சரியாக அந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டே ரிஃப்ளெக்டரின் வளைவை அமைத்திருக்கிறார்கள்.

எல்இடி மாற்றுப் பல்பு சறுக்குவது இங்கேதான். எல்இடி ஒளியைக் குறை சொல்ல முடியாது. நீல எல்இடி மீது மஞ்சளாக ஒளிரும் ஒரு பொடியைப் பூசினால் வெள்ளை கிடைக்கிறது; அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது. சிக்கல் வடிவத்தில். கம்பிச்சுருள் சுற்றிலும் எரியும். எல்இடி பல்பில் ஒரு பட்டையின் இரு பக்கமும் சிப்கள் ஒட்டியிருக்கும். பட்டை தடிமனாக இருந்தாலோ, சிப் கொஞ்சம் முன்பின் நகர்ந்திருந்தாலோ ரிஃப்ளெக்டரின் கணக்கு தப்பிவிடும். முன்சக்கரத்துக்கு அடுத்த பத்தடி பளீரென்று இருக்கும். அந்தப் பளபளப்புக்குக் கண்மணி சுருங்கிவிடுவதால் தூரத்துப் பள்ளம் இன்னும் இருட்டாகிவிடும். மிச்ச வெளிச்சம் எதிரே வருபவர் முகத்தில்.

ஏன் தூரம் முக்கியம்? 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். ஒன்றைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி என்று வைத்தால், அதற்குள் 17 மீட்டர் போயிருப்பீர்கள். காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 28 மீட்டர் ஆகலாம். மொத்தம் 45. வேகம் 80 என்றால் 70 மீட்டரைத் தாண்டும். இரண்டு மடங்கு தூரத்தில் அதே அளவு தெரிய நாலு மடங்கு ஒளி வேண்டும் என்பது இயற்பியல். ஆகவே லூமெனை மட்டும் கூட்டிக்கொண்டே போய் இதைச் சமாளிக்க முடியாது. இருக்கிற ஒளியை உரிய இடத்தில் விழவைக்க வேண்டும்.

செலவே இல்லாத வேலையிலிருந்து தொடங்குவோம். முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடையுங்கள். ரிஃப்ளெக்டரை மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள், மெல்லிய அலுமினியப் பூச்சு கையோடு வந்துவிடும். அது ஏற்கெனவே கருத்து உரிந்திருந்தால் எந்தப் பல்பு போட்டும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பிறகு வோல்டேஜ். வண்டியை ஓடவிட்டு, லைட் எரியும்போதே மல்டிமீட்டரை பேட்டரியில் ஒருமுறை, பல்பு ஹோல்டரில் ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியில் 13.5க்கு மேல் இருந்து ஹோல்டரில் 12தான் காட்டினால் வழியில் எங்கோ தின்றுகொண்டிருக்கிறது. நீளமான சன்னக் குழாயில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்றினால் கடைசிக் குழாயில் சொட்டுவது போலத்தான் இதுவும். ஹாலஜனில் இது சின்ன நஷ்டமல்ல: 13.2 வோல்ட்டில் தரும் ஒளியில் 12 வோல்ட்டில் கால் பங்குக்கு மேல் போய்விடும். 11 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். நிறமும் மஞ்சளாகிவிடும். மஞ்சளாக எரிகிறது என்ற புகாருக்குப் பல வண்டிகளில் காரணம் இதுவே; பல்பின் மேல் தப்பில்லை.

மருந்து ஒரு ரிலே. ஹேண்டில்பார் சுவிட்ச் வழியாக முழுக் கரண்டும் போகாமல், ரிலேவுக்கு உத்தரவு கொடுக்கும் சிறு கரண்ட் மட்டும் போகும். பல்புக்குரியது பேட்டரியிலிருந்து தடிமனான வயரில், ஃபியூஸ் வழியாக நேரே வரும். எர்த் வயரின் துருவையும் சுரண்டிவிட்டால், பழைய பல்பே புதுசு மாதிரி எரியும்.

மேக்னெட் காயிலில் நேரடியாக ஏசியில் எரியும் பழைய வண்டி என்றால் கதை வேறு. ஆக்சிலேட்டர் கூட்டினால் பிரகாசம், குறைத்தால் மங்கல். இதில் நேராக எல்இடி போட்டால் துடிக்கும். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து முதலில் டிசிக்கு மாற்ற வேண்டும்.

மூன்றாவது, கோணம். டயரில் காற்று சரியாக வைத்து, சமதரையில், வழக்கமாக ஓட்டுபவர் ஏறி உட்கார, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறியுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் கீழே விழட்டும். பின்னால் எப்போதும் ஆள் உட்காரும் வண்டியென்றால் அவரையும் ஏற்றிப் பாருங்கள். பின்பக்கம் அமுங்கினால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும்.

இத்தனைக்கும் பிறகு போதவில்லையென்றால் பல்புக்கு வரலாம். அதே வாட்டில், நல்ல கம்பெனியின் நிறமற்ற ஹாலஜன் போடலாம். 100/90 வாட் வாங்கினால் லோ பீமுக்கே 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். எச்எஸ்1 இருக்கும் இடத்தில் பல்பின் தகர விளிம்பிலுள்ள காதை ராவி எச்4ஐத் திணிப்பதும் இதே வம்புதான்.

எல்இடிதான் வேண்டுமென்றால் பல்பை விட்டுவிட்டு முழு யூனிட்டாக வாங்குங்கள், எல்இடிக்கென்றே வடிவமைத்த ரிஃப்ளெக்டரோ லென்ஸோ உள்ளதாக. கண்ணாடியில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருந்தால் அது ஐரோப்பிய விதிகளின்படி சோதித்து ஒப்புதல் வாங்கியது. இறக்குமதிச் சரக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கோடு ஒரு பக்கம் மேலே ஏறும் வகையாக இருந்தால், இடப்பக்கம் ஓட்டும் நம் ஊரில் அது இடப்பக்கம்தான் ஏற வேண்டும். வலப்பக்கம் ஏறினால் அது வேறு நாட்டுக்குச் செய்தது; எதிரே வருபவர் கண்ணில்தான் குத்தும்.

2017 ஏப்ரலிலிருந்து வந்த இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்வரை முன்விளக்கை அணைக்கவே முடியாது. கோணம் தப்பிய விளக்கு பகலும் இரவும் யாரையாவது கூசவைத்துக்கொண்டேதான் இருக்கும். அந்த யாரோ கண் தெரியாமல் தடுமாறி வருவது ஒற்றைச் சாலையில் உங்களை நோக்கித்தான். அதனால் கடைக்குப் போனால் “வெள்ளையா இருக்கா?” என்று கேட்க வேண்டாம். மாட்டிய கையோடு சுவருக்கு நேரே திருப்பி, லோ பீமில் கோடு தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.