எல்லா எண்களும் பச்சை, மீன் மட்டும் வெள்ளை



போன எபிசோட்டில வீட்டு சென்சர்களைப் பற்றிக் கதைக்கேக்க நான் இடையில ஒன்று சொன்னேன்: "என்ர மீன் தொட்டியில இருந்த எல்லா சென்சரும் சரியா வேலை செய்தது. அதை நம்பினதாலதான் மீன் செத்தது." எபிசோட் வந்த பிறகு அதைப் பற்றித்தான் கனக்கப் பேர் கேட்டிருந்தீங்கள். அங்கே நேரம் போதவில்லை. இங்கே முழுக்கதையும் இருக்கு.

என்னிடம் இருப்பது 400 லீட்டர் உப்புநீர்த் தொட்டி. இரண்டு வருடமாக ஓடுகிறது. வெப்பநிலை, பிஹெச், உப்பளவு மூன்றையும் ஒரு கன்ட்ரோலர் அளந்து போனுக்கு அனுப்பும். ஏதாவது பிழைத்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. வேலையில் இருந்துகொண்டே ஒருக்கா பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை ஒரு பவுடர் புளூ டாங் வாங்கி வந்தேன். இளநீல உடம்பு, கறுப்பு முகம், முதுகில் மஞ்சள் செட்டை. இந்து சமுத்திரத்து மீன். இலங்கையில் இருந்து வந்தது என்று கடையில் சொன்னார்கள். அம்மா விலையைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு காசு குடுத்து வாங்கினது ஒரு குழம்புக்கும் உதவாது" என்றார். அப்பா மட்டும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் இருந்தார். அவர் திருகோணமலை. "தம்பி, இது எங்கட பக்கத்து மீன் எல்லோ" என்றார். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் நியூஸுக்கு முதல் அந்த மீனைத்தான் பார்ப்பார்.

ஒன்பதாம் நாள், மீனின் செட்டையில் உப்புத் தூவினது மாதிரி ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள். போனைப் பார்த்தேன். 25.4 பாகை, பிஹெச் 8.1, உப்பளவு 35. எல்லாம் பச்சை.

புள்ளி மறைந்த நாள்தான் ஆபத்தான நாள்

வீடியோக்களில் சொன்னபடி சாப்பாட்டில் உள்ளி கலந்து கொடுத்தேன். மூன்று நாளில் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. "சுகமாயிட்டுது" என்று வீட்டு குரூப்பில் படமும் போட்டேன்.

நான் செய்த பெரிய பிழை அதுதான். ஏன் என்று விளங்க இந்த நோயின் வாழ்க்கை வட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைச் செய்வது கிரிப்டோகேரியன் இரிட்டன்ஸ் என்ற ஒருகல ஒட்டுண்ணி. பெயர் 1951இல் வைக்கப்பட்டது. மீன் வளர்ப்பவர்கள் மரைன் இக் அல்லது வெண்புள்ளி நோய் என்பார்கள். நன்னீர் மீன்களுக்கு வருகிற வெண்புள்ளி வேறு உயிரி, அதன் மருந்தை இதற்குப் பாவிக்கக் கூடாது.

நாங்கள் காணும் வெள்ளைப் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் இருந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. 3 முதல் 7 நாள் தின்னும். வயிறு நிரம்பியதும் தானாகவே மீனை விட்டு இறங்கும், பெரும்பாலும் இருட்டில், வெளிச்சம் வருவதற்கு முன். கீழே போய் கல்லிலோ மணலிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்குள் ஒன்று பலவாகப் பிரியும். ஒரு ஓட்டில் இருந்து 200 வரை புதிய ஒட்டுண்ணிகள் வெளியே வரலாம். அவை நீந்தி ஒரு மீனைப் பிடிக்க வேண்டும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும்.

கணக்கைப் பாருங்கோ. என் மீனில் எட்டுப் புள்ளி இருந்தது. எட்டும் மறைந்தது. உள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எட்டும் இறங்கிப்போய் மணலில் பெருகிக்கொண்டிருந்தன. நான் படம் போட்டுக் கொண்டாடிய நேரத்தில் அடுத்த ஆயிரம் தயாராகிக்கொண்டிருந்தது.

ஐந்து நாள் கழித்து டாங்கின் உடம்பு முழுக்க வெள்ளை. செவுள் வேகமாக அடித்தது. ஒட்டுண்ணி செவுளுக்குள் போனால் மீனுக்கு மூச்சு எடுக்க முடியாது, கொல்லுவதும் பெரும்பாலும் அதுதான். இரண்டு நாளில் டாங் செத்தது. அன்றிரவே ராயல் கிராமாவும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கதிரையை எடுத்துச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தார்.

தொட்டி இரண்டு வருடம் நோயில்லாமல் இருந்தது. வெளியில் இருந்து வந்தது அந்த ஒரு மீன் மட்டும்தான். அதைத் தனியாக வைத்துப் பார்க்காமல் நேராக உள்ளே விட்டது நான்.

கடலை அளக்கத் தெரிந்த ஊர்

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. என் கன்ட்ரோலர் காட்டுகிற எண்களில் இரண்டுக்கு நாங்கள் டென்மார்க்குக்கு நன்றி சொல்ல வேண்டும். பிஹெச் அளவுகோலை 1909இல் கொண்டு வந்தவர் சோரன் சோரன்சன், கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில். உலகக் கடல்களின் நீரில் உப்புகளின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1865இல் காட்டி, உப்பளவு என்ற கருத்தையே தந்தவர் கோபன்ஹேகன் பேராசிரியர் ஜோஹான் ஜோர்ஜ் ஃபோர்க்ஹாமர். பிறகு மார்ட்டின் க்னுட்சன் 1901இல் கடல்நீர் அட்டவணைகளை வெளியிட்டார். உலகத்து ஆய்வுக் கப்பல்கள் தங்கள் கருவிகளைச் சரிபார்க்க, கண்ணாடிக் குழாயில் அடைத்த கோபன்ஹேகன் கடல்நீரை 1970களின் நடுப்பகுதி வரை வாங்கின.

ஆனால் அந்த எண்கள் தண்ணீரைப் பற்றியவை. கிரிப்டோகேரியனுக்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். 25 பாகையும் 35 உப்பும் பவளத்துக்கு எவ்வளவு வசதியோ, அதற்கும் அவ்வளவு வசதி. பச்சை விளக்கு "தண்ணி நல்லா இருக்கு" என்று மட்டும்தான் சொன்னது. "மீன் நல்லா இருக்கு" என்று வாசித்தது நான்.

தண்ணீரில் மிதக்கும் டிஎன்ஏயை வைத்து ஒட்டுண்ணியைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள் வந்துவிட்டன. ஆனால் மாதிரியை அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டும், ஓட்டுக்குள் ஒளிந்திருப்பதைத் தவறவிடவும் கூடும். யூவி விளக்கு தண்ணீரில் நீந்துகிறவற்றைக் குறைக்கும். மீனில் இருப்பதையும் மணலில் இருப்பதையும் அதால் தொட முடியாது.

பிறகு என்ன செய்தேன்

மூன்று மீன் மிச்சம்: இரண்டு கோமாளி மீன், ஒரு சின்ன ராஸ். இருந்த வழிகள் மூன்று.

முதலாவது செம்பு. ஒட்டுண்ணியைக் கொல்லும், ஆனால் இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொல்லும். கல்லும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பெரிய தொட்டிக்குள் ஒருபோதும் ஊற்றக் கூடாது, வெறுந்தொட்டியில் மட்டும்தான். அளவும் கவனம்: அயனிச் செம்பு என்றால் லீட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். கீலேட் வகை என்றால் கிட்டத்தட்ட அதைவிடப் பத்து மடங்கு. போத்தலில் எந்த வகை என்று பார்க்காமல் ஊற்றினால் நோய் கொல்லாத மீனை மருந்து கொல்லும். ஹன்னாவின் சின்னக் கலரிமீட்டர் மாதிரி ஒன்றால் தினமும் அளக்க வேண்டும்.

இரண்டாவது உப்பைக் குறைப்பது. 35இல் இருந்து 15க்குக் கீழே மெல்ல மெல்லக் கொண்டுவந்து, மூன்று நான்கு கிழமை வைத்திருப்பது. கோபன்ஹேகனுக்குப் பக்கத்து ஓரேசுண்டின் மேல்நீர் காற்றும் நீரோட்டமும் மாற மாற 8க்கும் 20க்கும் நடுவில் ஏறி இறங்கும், அதாவது கிட்டத்தட்ட அந்தத் தண்ணீர். மீன் சமாளிக்கும், ஓட்டுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி வெடித்துவிடும். ஆனால் உப்பு சற்றுக் கூடினாலும் பலனில்லை. சில ரகங்கள் குறைந்த உப்பையும் தாங்குகின்றன.

மூன்றாவது மருந்தே இல்லாதது. ஐலாட்டில் வேலை செய்த அஞ்செலோ கொலோர்னி 1987இல் எழுதிய முறை: மீனை 3 நாளுக்கு ஒருமுறை புதுத் தொட்டிக்கு மாற்று, நான்கு தடவை. ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, ஓடு கட்டி, பெருகித் திரும்பி வருவதற்குள் மீன் அந்த இடத்தில் இல்லை. எனக்கு இது பிடித்துப்போனது. ஒட்டுண்ணியோடு சண்டை இல்லை, அதன் நேர அட்டவணையை முந்திக்கொள்வது மட்டும்தான்.

நவம்பர் 15 தொடங்கினேன். இகேயாவில் வாங்கிய இரண்டு பெரிய பிளாஸ்டிக் பெட்டி, மூடியோடு. ராஸ் பாயும், மூடி கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் தனி ஹீட்டர், தனிக் காற்றுக்கல், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு. எல்லாம் உடுப்புத் தோய்க்கிற அறையில். அம்மா கதவடியில் நின்று, "இனி உடுப்பை எங்க காயப் போடுறது?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் விடிய, லைற் போட முதல், அடுத்த பெட்டியில் அதே வெப்பநிலை, அதே உப்பளவில் புதுத் தண்ணீர். மீனை மட்டும் மாற்ற வேண்டும். பழைய தண்ணீர் ஒரு கரண்டிகூட வரக் கூடாது, பழைய வலையும் கூடாது. காலியான பெட்டியைக் கழுவி முழுக்கக் காய விட வேண்டும். காய்ந்தால் ஒட்டுண்ணி சாகும். பிறகு திரும்ப 3 நாள். 12ஆம் நாள் மூன்றும் சுத்தமாகக் கண்காணிப்புத் தொட்டிக்குப் போயின.

76 நாள்

மீன் சுகம். தொட்டி இன்னும் சுகமில்லை.

பெரிய தொட்டியின் மணலில் ஓடுகள் இருக்கின்றன. மீன் இல்லாவிட்டால் அவை பட்டினியில் அழியும். எவ்வளவு காலம்? கொலோர்னியும் பர்ஜெஸ்ஸும் 1997இல் எழுதிய கட்டுரை, ஓடு வெடிக்க 3 நாளும் ஆகலாம், 72 நாளும் ஆகலாம் என்கிறது. அதோடு சில நாள் சேர்த்துத்தான் மீன் வளர்ப்பவர்கள் 76 நாள் என்று சொல்வது. வெப்பம் கூடின தொட்டியில் குறைந்த காலம் போதும் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாம் தடவை துணிவு வரவில்லை.

நவம்பர் 15இல் இருந்து ஜனவரி 30. இங்கத்தைய இருட்டுக் காலம் முழுக்க. நாலு மணிக்கே வெளியில் இருள், உள்ளே நீல வெளிச்சத்தில் பவளம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, நீந்துகிறதற்கு ஒன்றும் இல்லை. டிசம்பர் நடுவில், "இனிக் காணும், விடுவம்" என்று ஒரு நாள் கோமாளி மீனை வலைக்குள்ளே பிடித்தும் விட்டேன். அப்பா கதவடியில் நின்றார். "எத்தினை நாள் சொன்னவங்கள்?" "எழுபத்தாறு." "இண்டைக்கு?" "முப்பது." வலையைத் திரும்பத் தண்ணீரில் வைத்தேன்.

ஜனவரி 30 மூன்றும் திரும்பிப் போயின. இன்றைக்கு வரை ஒரு புள்ளி இல்லை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால்

புது மீன் எதுவானாலும் முதலில் வெறும் தொட்டி: 50 லீட்டர் அளவு, ஹீட்டர், ஸ்பொஞ் ஃபில்டர், மூடி, குழாய்த் துண்டு, தனி வலை. அமோனியாவை அளவுங்கோ. மணல் வேண்டாம், கல் வேண்டாம். நாலு கிழமையாவது பாருங்கோ. எனக்கு இதெல்லாம் சேர்த்து அந்த டாங்கின் விலையை விடக் குறைவாகத்தான் முடிந்தது.

பவளத்துக்கும் நத்தைக்கும் இந்த நோய் வராது. ஆனால் அவற்றின் கல்லிலும் ஓட்டிலும் ஒட்டிக்கொண்டு வரலாம். மீன் இல்லாத தொட்டியில் அவற்றையும் காத்திருக்க வையுங்கோ.

எல்லா வெள்ளையும் இக் இல்லை. மாவு தூவினது மாதிரி மிக நுண்ணிய தூசு, வேகமான மூச்சு, சாப்பிடாமல் நீரோட்டத்துக்கு முன்னால் நிற்பது என்றால் வெல்வெட்டாக இருக்கலாம், அமிலோடினியம். அதற்கு நாள்கணக்கு இல்லை, மணிக்கணக்குத்தான். பெட்டி மாற்றும் முறை அதற்குப் போதாது. கோமாளி மீனில் தோல் சளி மாதிரி உரிந்தால் அது புரூக்கிளினெல்லா, அதற்கும் வைத்தியம் வேறு. தெரியாவிட்டால் வீடியோ எடுத்து, மீன் பார்க்கும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கோ. ஊரில் இருந்து அன்ரிபயோட்டிக் கொண்டுவருவம் என்று யோசிக்க வேண்டாம். ஒட்டுண்ணிக்கு அது வேலை செய்யாது. தவிர, 2022 ஜனவரி 28 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/6 ஒழுங்குவிதிப்படி மிருகங்களுக்கு அது வைத்தியரின் சீட்டோடு மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனம் பெருக்குகிறார்கள். பவுடர் புளூ டாங் மாதிரியானவை பெரும்பாலும் கடலில் பிடிபட்டவை. பவளப்பாறை மீனை உயிரோடு வெளிநாட்டுக்கு விற்கும் வியாபாரமே 1930களில் சிறிய அளவில் இலங்கையில்தான் தொடங்கியது. அங்கே ஒருவர் சுழியோடிப் பிடித்து, பையில் அடைத்து, கொழும்பு வந்து, விமானம் ஏறி, இத்தனையையும் தாங்கி வந்த மீன் என் வீட்டில் பத்தொன்பது நாள்தான் இருந்தது. நான் கொடுக்காமல் விட்டது ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் நாலு கிழமையும்.

இன்னொரு டாங் இன்னும் வாங்கவில்லை. பெட்டி மட்டும் தோய்க்கிற அறையில் காய்ந்துபோய், தயாராக இருக்கு. போன கிழமை அப்பா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்தது வந்தா முதல் இதுக்குள்ளதானே?" என்று கேட்டார்.

ஓம் அப்பா, முதல் இதுக்குள்ளதான்.

உங்கட தொட்டியில் ஏதாவது நடந்திருந்தால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில் சந்திப்பம்.