வீட்டைக் களவினின்று காத்தல்

பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடும், கோடை இரவில் வாசற்கதவு திறந்திருக்க எல்லோரும் மொட்டைமாடியில் அயர்ந்து உறங்கும் வீடும் கள்வருக்கு வாய்ப்பான இடங்களாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கிராமங்களில் முன்னது இக்காலத்தில் மிகுந்துவிட்டது. விவசாயமே பிரதானமாயிருந்த நாட்களில் திண்ணையில் வயோதிகர் ஒருவரேனும் இருப்பது வழக்கம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் உற்பத்தியும், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலையும் தொடங்கிய பின்னர், ஆண் பெண் இருபாலரும் ஷிப்டு முறையில் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பெருகின. கம்பெனி பஸ் வரும் வேளை தெருவுக்கே தெரியும். ஆகவே வீடு காலியாகும் வேளையும் தெரியும்.

கள்வன் நாடுவன இரண்டு: ஆளில்லாத வீடு, விரைவில் எடுத்துச் செல்லத்தக்க பொருள். இவ்விரண்டும் அவனுக்குக் கிட்டாமற் செய்வதே காவலின் சாரமாகும். பூட்டு அவனைத் தாமதிக்கச் செய்யுமேயன்றி முற்றிலும் தடுக்காது.

கதவும் பூட்டும்

பெரும்பாலும் உடைபடுவது பூட்டன்று. அது மாட்டப்பட்ட கொண்டியும் நாதாங்கியுமே. மரத்தில் சிறு திருகாணிகளால் பொருத்திய நாதாங்கியைக் கடப்பாறையால் ஒரே நெம்பில் பெயர்த்துவிடலாம். கதவை ஊடுருவிச் சென்று உட்புறம் மரையிட்டு முடுக்கிய போல்ட்டுகளே உறுதியானவை. மேலும், வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆளில்லை என்று விளம்பரம் செய்கிறது. கதவினுள் பதித்த பூட்டுக்கு இக்குறையில்லை. கொல்லைக் கதவு, மாடிப்படிக் கதவு, குளியலறைச் சாளரம் ஆகியவற்றையும் வாசற்கதவைப் போலவே கவனித்தல் வேண்டும்.

மீட்டர் பெட்டியிலும் பூந்தொட்டியின் அடியிலும் செருப்பினுள்ளும் சாவியை வைத்துச் செல்லும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். குடியிருந்தவர் காலி செய்தால் பூட்டை மாற்றுதல் அவசியம். காமிரா பொருத்துவோர், படம் பதியும் பெட்டியைக் கண்ணுக்கெட்டாத இடத்தில் வைப்பாராக. அதையும் கையோடு கொண்டுபோகும் கள்வர் உண்டு.

அண்டை அயலார்

கோலமிடாத வாசல், எடுக்கப்படாத பால் பாக்கெட், பகலிலும் எரியும் விளக்கு ஆகிய மூன்றும் வீட்டார் ஊரிலில்லை என்பதைச் சொல்லாமற் சொல்லும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வெளியூர் செல்வோர் போலீஸ் நிலையத்தில் முன்னதாக அறிவித்துவிட்டு, வாசல் தெளித்துக் கோலமிடுமாறு அடுத்த வீட்டாரிடமும் சொல்லிச் செல்லுதல் நலம். சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீராமாநுஜர் உற்சவத்திற்கு ஊரே திரளும்போது, வீட்டுக்கு ஒருவரேனும் தங்குதல் வேண்டும்.

வேலைக்காக வடதேசங்களிலிருந்து வந்து தங்கியிருப்போரை ஆதாரமின்றிச் சந்தேகிப்பது நியாயமன்று. இரவு ஷிப்டு முடித்துப் பகலில் வீட்டிலிருக்கும் அவர்கள், பழகிக் கொண்டால் தெருவுக்கே காவலாவர்.

பொன்னும் பணமும்

பெண்ணின் கலியாணத்திற்கெனப் பத்து வருஷங்களாய்ச் சேர்த்த சவரன்கள் பத்து நிமிஷத்தில் போய்விடக்கூடும். பீரோவும் அரிசிப் பானையும் பூஜை அறையும் கள்வர் அறியாத இடங்களல்ல. தினம் அணியும் நகை தவிர மற்றவற்றைப் பாங்கு லாக்கரில் வைப்பதே மேல். மத்தியக் கூட்டுறவு பாங்குகளுக்கும் பொருந்தும் ரிசர்வ் பாங்கு விதிப்படி, 2022 ஜனவரி முதல் பாங்கில் களவோ தீ விபத்தோ நேர்ந்து லாக்கர் பொருள் நஷ்டமானால், வருஷ வாடகையைப் போல் நூறு மடங்கு வரை பாங்கு பொறுப்பேற்க வேண்டும். வாடகை ரூபாய் 2,000 எனில் உச்ச வரம்பு ரூபாய் 2,00,000. அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள நகைக்குத் தனி இன்ஷூரன்ஸ் செய்தல் விவேகம்.

பத்திரத்தை உத்தேசித்தே நகையைச் சங்கத்தில் ஈடு வைத்துச் சிறு கடன் பெறுவோரும் உளர். வட்டியையும் லாக்கர் வாடகையையும் ஒப்பிட்டுப் பார்த்து அவர்கள் முடிவு செய்ய வேண்டும். சங்கத்தில் ஈடாகவுள்ள நகைகள் இன்ஷூர் செய்யப்பட்டுள்ளனவா, பெட்டக அறை உறுதியானதா என்று மகாசபையில் வினவ ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரிமையுண்டு. நகை எங்கிருப்பினும் எடை, ரசீது, புகைப்படம் ஆகியவற்றைத் தனியே வைத்திருத்தல் வேண்டும். களவுபோன பொருள் அகப்பட்டால் தம்முடையதென மெய்ப்பிக்க இவையே துணை.

களவு நேர்ந்தால்

எதையும் தொடாமலும் கூட்டத்தை உள்ளே விடாமலும் 100 அல்லது 112 எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். 1897-ல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் ஏற்பட்ட காலந்தொட்டு, கள்வன் விட்டுச்செல்லும் ரேகை துப்புத் துலக்கப் பயன்பட்டு வருகிறது. பிறர் கை பட்டால் அது அழியும். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள சட்டப்படி, களவு எவ்விடத்து நடந்திருப்பினும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். திருடும் நோக்குடன் இரவில் வீடுடைத்துப் புகுவோருக்குப் பதினான்கு வருஷம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

சென்னை மாகாணத்தின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ல் அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்த திரூரில் ஏற்பட்டது. கடன் சுமையினின்று ஒருவரையொருவர் காக்கக் கூடிய ஜில்லா இது. தெருவுக்குப் பத்து வீட்டார் கூடி, யார் எந்த ஷிப்டில் வீட்டிலிருப்பார் என்று குறித்துக் கொண்டு, முறை வைத்துக் கவனிப்பதற்குப் பணச் செலவு ஏதுமில்லை. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதை ஆலோசிப்பார்களாக.