தையில் வாங்கிய கேமராவுக்குப் பாதிக் கழிவு

தை முகூர்த்தம் நெருங்கினால் காங்கேயம் வட்டாரத்துப் போட்டோகிராபர்களுக்குப் புதுக் கேமரா ஆசை வந்துவிடும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் கல்யாணத்து இணைச்சீர்ச் சடங்கைப் பளிச்சென்று பிடிக்க வேண்டுமே! வரிக் கணக்குக்கு மட்டும் அது தோதான மாதமில்லை.

கேமரா விலையை ஒரே வருடச் செலவாக எழுத முடியாது. வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானமாகத்தான் கழிக்கலாம். நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் 180 நாள்கூடப் புழங்காத பொருள் என்றால் அதிலும் பாதிதான். 2 லட்ச ரூபாய்க் கேமராவை ஆவணியிலேயே வாங்கியவர் அந்த ஆண்டு 30,000 ரூபாய் கழிக்கிறார். தையில் வாங்கியவர் 15,000. மிச்சம் தொலைந்துபோவதில்லை, பின்னால் வரும் ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகிறது. எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் உண்டு.

இன்னொரு கண்ணி, ரொக்கம். பழைய லென்ஸ் ஒன்றைத் தெரிந்தவரிடம் 40,000 ரூபாயைக் கையில் கொடுத்து வாங்கினால் அதற்குத் தேய்மானமே கிடையாது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததைக் கணக்கு ஏற்காது. ட்ரோன்காரரின் கூலிக்கும் இதே கதிதான்.

பில்களின் கதை வேறு. பெட்ரோல் பங்கில் தரும் சீட்டு வெப்பத்தில் எழுத்து விழும் காகிதம். கேமரா பையின் பக்கவாட்டு ஜிப்பில் போட்டு, காரை வெயிலில் நிறுத்தினால், ரிட்டர்ன் போடும் நேரத்தில் படிக்க முடியாத தாள்தான் மிஞ்சும். அன்றன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். படம் எடுப்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

பில்லே இல்லாமல் முடிக்கவும் வழியுண்டு. பழைய சட்டத்தில் 44ஏடி என்று ஆடிட்டர்கள் சொல்லும் உத்தேச லாப முறை அது. 2026 ஏப்ரலில் புதுச் சட்டம் வந்து எண் மாறியதே தவிர, முறை தொடர்கிறது. வங்கி, ஜிபே வழி வந்த வசூலில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் செலவுக் கணக்கு கேட்கமாட்டார்கள். 12 லட்சம் முழுவதும் ஜிபேயில் வந்திருந்தால் 72,000 ரூபாய் லாபம். ஆனால் அடுத்த கேமராவுக்குக் கடன் கேட்டுப் போனால், வங்கி மேலாளர் புரட்டிப் பார்ப்பதும் அந்த 72,000-த்தைத்தான். அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் உள்ளதைக் காட்டுவதே சட்டப்படியும் சரி.

கல்யாண வீட்டார் மஞ்சள் பையில் கட்டுக்கட்டாகத் தருவது இன்னும் சிக்கல். ஒரே நிகழ்ச்சிக்கு ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. நிச்சயத்தன்று 80,000, முகூர்த்தத்தன்று 80,000, ஆல்பம் தரும்போது 80,000 என்று பிரித்தாலும் கல்யாணம் ஒன்றுதான். அபராதம், வாங்கிய தொகையளவு வரை போகலாம். கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு.

ஆண்டு வசூல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வந்துவிடும். லாபம் எவ்வளவு என்பது அங்கே பேச்சில்லை. ஆல்பம் லேபுக்கும் உதவியாளர் பேட்டாவுக்கும் போனதும் சேர்த்துத்தான் 20 லட்சம். பிறகு பில்லில் 18 சதவீதம் ஏறும். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு கேட்லாக் படம் எடுத்துக் கொடுத்தால் அவர்கள் அந்த வரியைத் தங்கள் கணக்கில் கழித்துக்கொள்வார்கள், முணுமுணுப்பு இருக்காது. பெண்ணைப் பெற்றவருக்கு அந்த வசதியில்லை. "பில் வேண்டாம் தம்பி, கொறச்சுச் சொல்லுங்க" என்பார்.