கோட்டோரம் – 9: கொடி உயராத நொடி

2010 டிசம்பர் 28. இங்கிலாந்தின் வடகிழக்கில் சண்டர்லாந்து நகரத்தில் ஒரு பிரீமியர் லீக் ஆட்டம். விருந்தாளியாக வந்த பிளாக்பூல், டி.ஜே. கேம்ப்பெல் போட்ட இரண்டு கோல்களில் 2-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கு யாராவது இவ்வளவு சொன்னாலே பெரிய விஷயம். அன்று கோட்டோரம் கொடியோடு ஓடியவர்களில் ஒருவர் ஷான் மாசி. கோவென்ட்ரியைச் சேர்ந்தவர், வயது 25, தொழில் பள்ளிக்கூட பி.டி. டீச்சர். பிரீமியர் லீக்கில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். அதில் அவர் என்ன செய்தார் என்று யாருக்கும் நினைவில்லை.

லைன்ஸ்மேனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது.

ரெஃப்ரியின் முதல் ஆட்டம் என்றால் கதை சொல்ல ஒரு மஞ்சள் அட்டையாவது மிஞ்சும். கொடி பிடிப்பவருக்கு அதுவும் இல்லை. சரியாகச் செய்தால் ஆள் இருந்ததே தெரியாது. தவறினால் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டுவார்கள். நம்மூர் மைதானங்களில் இந்த வேலைக்கு இருக்கும் மரியாதையைச் சொல்லவே வேண்டாம். ஆள் வராவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனைக் கூப்பிட்டு, “டேய், அந்தக் கொடியைப் பிடி. பந்து வெளியே போனா மட்டும் காட்டு, ஆஃப்சைடெல்லாம் சார் பார்த்துக்குவார்” என்பார்கள். தொழில்முறை ஆட்டத்தில் இது அப்படியே தலைகீழ். அங்கே ஆஃப்சைடுதான் வேலை.

1891-ல் ரெஃப்ரி மைதானத்துக்குள் வந்தபோது, அதுவரை அணிக்கு ஒருவராக உள்ளே நின்றுகொண்டிருந்த அம்பயர்கள் கோட்டுக்கு வெளியே போய் லைன்ஸ்மேன்கள் ஆனார்கள். 1996-ல் உதவி நடுவர் என்று பதவிக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். திட்டுகிறவர்கள் பழைய பெயரையே சொல்லித் திட்டுகிறார்கள்.

இறங்குவதற்கு முன் டிரஸ்ஸிங் ரூமில் ரெஃப்ரி தன் ஆட்களை உட்கார வைத்துப் பேசுவார். பெனால்ட்டி பாக்ஸ் பக்கம் ஃபவுல் நடந்தால் யார் பார்ப்பது, பந்து கோல் கோட்டைத் தாண்டியதா என்று சந்தேகம் வந்தால் என்ன சைகை, இதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். காதில் மைக் செட். கொடியின் பிடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் ரெஃப்ரியின் கையில் கட்டியிருக்கும் கருவி அதிரும். கோல் வலையில் ஓட்டை இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதும் லைன்ஸ்மேன்கள்தான்.

விசில் அடித்ததும் பாதி மைதானம் ஒரு லைன்ஸ்மேனுடைய பொறுப்பு. நடுக்கோட்டிலிருந்து கார்னர் கொடி வரை சுமார் 50 மீட்டர். கோலுக்கு அருகில் கடைசிக்கு முந்தைய தடுப்பு ஆட்டக்காரர் யாரோ, அவருக்கு நேராகவே எப்போதும் நிற்க வேண்டும். (கோல்கீப்பரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு, பெரும்பாலும் அவர்தான் கடைசி ஆள்.) அந்தத் தடுப்பு ஆட்டக்காரர் இரண்டடி ஏறினால் இவரும் இரண்டடி. முகத்தை மைதானத்தை விட்டுத் திருப்பாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர வேண்டும். பந்து நீளமாகப் பறந்தால் மட்டும் நேர் ஓட்டம். கொடி எப்போதும் ரெஃப்ரியின் கண்ணுக்குப் படும் கையில். கை மாற்றுவதானால் இடுப்புக்குக் கீழே மாற்ற வேண்டும். தலைக்கு மேலே போனால், கொடி காட்டியதாக நினைத்து ரெஃப்ரி ஊதிவிட வாய்ப்புண்டு.

இதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். பழக்கத்துக்கு அடங்காதது கண். ஆஃப்சைடா என்று சொல்ல, பந்து காலை விட்டுக் கிளம்பும் நொடியைப் பார்க்க வேண்டும். அதே நொடியில் முன்னால் இருக்கும் தாக்குதல் ஆட்டக்காரர் அந்தத் தடுப்பு ஆட்டக்காரரைத் தாண்டி நிற்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 30 மீட்டர்கூட இருக்கும். சின்ன மைதானத்தில் பூட்ஸ் பந்தில் படும் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டு கண்ணைக் கோட்டில் வைத்திருக்கலாம். ஆயிரக்கணக்கானவர்கள் கத்தும்போது எந்தச் சத்தம் கேட்கும்? தாக்குபவர் கோலை நோக்கியும் தடுப்பவர் எதிர்ப்பக்கமும் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடினால், பத்தில் ஒரு நொடியில் இருவருக்கும் நடுவே உள்ள தூரம் 1.4 மீட்டர் மாறிவிடும். கண்ணைத் திருப்பும் நேரத்துக்குள் ஒழுங்கான ஆள் ஆஃப்சைடு ஆகிவிடுகிறார். நிற்கும் இடமும் சதி செய்யும். 2000-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் இதைத்தான் எழுதினார்கள்: லைன்ஸ்மேன்கள் அந்த நேர்கோட்டைத் தாண்டி நின்றுவிடுகிறார்கள், அந்தக் கோணத்திலிருந்து பார்ப்பதால்தான் தப்பு வருகிறது என்று. அதைப் படித்துவிட்டுத் திட்டுவதைக் குறைத்த ரசிகர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

மாசிக்கு வருவோம். சண்டர்லாந்து ஆட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2011 ஜனவரி 22, மொலினு மைதானம், வுல்வ்ஸும் லிவர்பூலும். ஆட்டம் தொடங்கும் முன்பே ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொகுப்பாளர் ரிச்சர்ட் கீஸும் வர்ணனையாளர் ஆண்டி கிரேயும், மைக் அணைந்திருக்கிறது என்ற நம்பிக்கையில், கொடி பிடிக்கப் பெண்ணைப் போட்டிருக்கிறார்களே, ஆஃப்சைடு விதியை யாராவது அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிற ரீதியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

36-வது நிமிடம். லிவர்பூலின் போல்சன் முன்னால் தள்ளிய பந்துக்கு மெய்ரெலெஸ் ஓடினார். தடுப்பு வரிசை மேலே ஏறிக்கொண்டிருந்தது, இவர் எதிர்த்திசையில் அதைக் கிழித்துக்கொண்டு போனார். நான் மேலே சொன்ன கணக்கு அத்தனையும் அந்த ஒரு நொடியில் இருந்தது. அரங்கத்தில் பாதிப் பேருக்கு அது ஆஃப்சைடாகத்தான் பட்டிருக்கும். மாசியின் கொடி உயரவில்லை. மெய்ரெலெஸ் பந்தைப் பக்கத்தில் தர, டோரஸ் உள்ளே தட்டிவிட்டார். ரீப்ளே காட்டியது: மெய்ரெலெஸ் சரியான இடத்தில்தான் இருந்தார், இடைவெளி மிகச் சிறியது. வீடியோவில் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். பிரீமியர் லீக்குக்கு வர இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. மாசி நம்பியிருக்க அவருடைய கண் மட்டுமே.

என்னைக் கேட்டால், வி.ஏ.ஆர். இல்லாத ஆட்டத்தில் கொடியைத் தூக்குவதைவிடத் தூக்காமல் இருப்பதுதான் கடினம். தூக்கிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். தப்பாக இருந்தாலும் ஒரு கோல் வாய்ப்பு போயிற்று என்று நாலு பேர் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். தூக்காமல் விட்டு, கோல் விழுந்து, அது தப்பென்று தெரிந்தால் பெயர் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். அதனால் புதிதாக வருகிற ஆளின் கை தானாக மேலே போகப் பார்க்கும். அந்த மேடையில் தொடக்க நாட்களிலேயே கையைக் கீழே வைத்திருந்ததுதான் மாசியின் திறமை.

லிவர்பூல் 3-0 என்று ஜெயித்தது. கென்னி டால்கிளிஷ் மேனேஜராக மீண்டும் பொறுப்பேற்ற பிறகு லிவர்பூலுக்கு அது முதல் வெற்றி. ஆனால் அந்த வாரம் முழுக்கப் பேச்சு அதைப் பற்றியல்ல. மைக் பேச்சு வெளியே வந்தது. கிரேயின் இன்னொரு பதிவும் வந்தது. ஜனவரி 25 அன்று அவர் வேலை போனது, மறுநாள் கீஸ் ராஜினாமா செய்தார். கூத்து என்னவென்றால், அதே 25-ஆம் தேதி க்ரூ – பிராட்ஃபர்ட் ஆட்டத்தில் மாசி இருக்க வேண்டியது. கேமராக்கள் எல்லாம் அவரைத் தேடி வந்துவிடும், ஆட்டம் கெட்டுவிடும் என்று அவரை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். நிர்வாகத்தின் காரணம் புரிகிறது. ஆனாலும் முடிவைச் சரியாகச் சொன்னவர்தானே அன்றைக்கு ஆட்டத்தை இழந்தார்!

அவர் முதல் பெண்ணும் அல்ல. 1997-லேயே வெண்டி டாம்ஸ் பிரீமியர் லீக்கில் கொடி பிடித்துவிட்டார். 14 ஆண்டு கழித்தும் அதை அதிசயம்போலப் பார்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை. மாசி விடவில்லை. கொடியோடு தொடர்ந்து ஓடினார், 2017-ல் எம்.பி.இ. விருது வந்தது. பெண் நடுவர்கள் இன்னும் மேலே போனார்கள்: 2022 டிசம்பர் 1 அன்று கத்தாரில் கோஸ்டாரிகா – ஜெர்மனி ஆட்டத்தை ரெஃப்ரியாக ஸ்டெஃபனி ஃப்ரபார் நடத்தினார். பிரேசிலின் நியூசா பாக்கும் மெக்ஸிகோவின் கரேன் டியாஸும் கொடி பிடித்தார்கள். ஆண்கள் உலகக் கோப்பையில் மைதானத்தில் இருந்த நடுவர்கள் மூவரும் பெண்களாக அமைந்தது அதுவே முதல் முறை. அங்கே ஜெர்மனி 4-2 என்று ஜெயித்தும் வெளியேறியதுதான் பெரிய செய்தியானது.

அடுத்த வாரம், 2002 உலகக் கோப்பையில் கொடி பிடித்த தமிழ்நாட்டுக்காரர் கோமளீஸ்வரன் சங்கர்.