வண்ணப் பூச்சுக்குக் கீழே ஒரு வரலாறு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில் உள்ள பீமா விமான அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் நிற்கிறது. அதன் மூக்குப் பகுதியில் 'பங்கே பக்கரூ' என்ற பெயர் தீட்டப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பங்கே என்னும் ஊரிலிருந்து பறந்த வேறொரு விமானத்தின் பெயர் அது. டூசானில் நிற்பதோ, பிரிட்டன் விமானப்படையில் கே.எச். 304 என்ற எண்ணுடன் இந்தியாவுக்கு வந்து, பின்னர் இந்திய விமானப்படையில் பணியாற்றி, 1969-இல் இங்கிருந்து பறந்தே அமெரிக்கா போய்ச் சேர்ந்த விமானம்.

ஒரு விமானத்தின் மேல் எந்தப் பெயரையும் தீட்டிவிடலாம். பூச்சுக்குக் கீழே இருப்பது எது என்று துருவிப் பார்ப்பதற்கென்றே உலகெங்கும் ஓர் ஆர்வலர் கூட்டம் இருக்கிறது. ஊதியமோ பட்டமோ எதிர்பாராத இவர்களைப் பொழுதுபோக்காளர்கள் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. இவர்களது உழைப்பு இல்லையென்றால், நமது வரலாற்றின் ஒரு பகுதி நமக்கே தெரியாமல் போயிருக்கும்.

போர்க்காலத்தில் 18,000-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் உற்பத்தியாயின. பிரிட்டனுக்கு அமெரிக்கா அவற்றைக் கடன்-குத்தகைத் திட்டத்தின் கீழ் வழங்கியது. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கான்பூரில் குவிக்கப்பட்ட லிபரேட்டர்களை மீண்டும் பறக்க முடியாதபடி சேதப்படுத்திவிட்டு பிரிட்டிஷார் வெளியேறினர். குண்டுவீச்சு விமானங்கள் இல்லாத புதிய நாடு அந்தக் குப்பையைத்தான் நாடியது. 1940-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஊழியர்கள், ஒன்றில் நல்ல நிலையில் இருந்த பாகத்தைக் கழற்றி மற்றொன்றில் பொருத்தினர். ஓரளவு பறக்கும் நிலைக்கு வந்தவற்றைத் தொழிற்சாலையின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுமையாகச் செப்பனிடப்பட்டவை நாற்பதுக்கும் மேல். 1948 நவம்பரில் இவற்றைக் கொண்டு விமானப்படையின் 5-ஆம் படைப்பிரிவு உருவானது. உடைத்துப் போட்ட விமானங்கள் 1968 இறுதி வரை பறந்தன.

இன்று உலகில் முழுமையாக எஞ்சியிருக்கும் லிபரேட்டர்கள் இருபதுக்கும் குறைவு. அவற்றில் கணிசமானவை பெங்களூரில் மறுபிறவி எடுத்தவை. பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ள கே.என். 751, கோகோஸ் தீவுகளிலிருந்து பறந்தது. பிறகு நம்மிடம் எச்.இ. 807 ஆனது; 1974-இல் பிரிட்டனுக்கே பரிசாகத் திரும்பியது. கனடாவுக்கு ஒன்று சென்றது. தில்லி பாலம் அருங்காட்சியகத்திலும் ஒன்று உண்டு.

இந்த வரலாறு துலங்கியது எண்களால்தான். லிபரேட்டர் ஒன்றுக்கு உற்பத்தி எண், அமெரிக்கப் படை எண், பிரிட்டிஷ் எண், இந்திய எண் என நான்கு அடையாளங்கள் இருக்கலாம். இந்த நான்கையும் ஒரே கயிற்றில் கோப்பதே ஆர்வலரின் வேலை. லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் செயற்பாட்டுப் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றில் 541 என்ற படிவத்தைப் பார்த்தால், எந்த எண்ணுள்ள விமானத்தில் யார் யார் ஏறினார்கள், எப்போது கிளம்பித் திரும்பினார்கள் என்பது தெரியும். விமானியின் சொந்தப் பறப்புக் குறிப்பேடும் அதே எண்ணைச் சொன்னால் ஒரு முடிச்சு அவிழ்கிறது. மனித நினைவு விமானத்தின் ரகத்தையே மாற்றிச் சொல்லும். அன்றன்றே எழுதப்பட்ட எண் அவ்வளவு எளிதில் பிறழாது.

இது உயிர்களோடும் தொடர்புடையது. போரின்போது அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குப் பொருள் கொண்டு சென்ற அமெரிக்க விமானங்கள் பல அருணாசலப் பிரதேச மலைகளில் விழுந்தன. காணாமற்போன விமானம் பற்றிய அமெரிக்க அறிக்கைகளில் என்ஜின்களின் எண்கள்கூடக் குறிக்கப்பட்டிருக்கும். காட்டில் கிடைக்கும் துருப்பிடித்த என்ஜின் தகடு ஒன்று, எங்கோ ஒரு குடும்பத்தின் பல்லாண்டுக் காத்திருப்புக்கு விடையாகிவிடும்.

தமிழகத்தின் நிலையைப் பார்ப்போம். செங்குன்றம் ஏரியில் கேட்டலினா கடல் விமானங்கள் இறங்கின. பரங்கிமலையிலிருந்து 1944-45-இல் பிரிட்டனின் 200-ஆம் படைப்பிரிவு லிபரேட்டர்களை இயக்கியது. சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என ஓடுதளங்கள் அமைந்தன. சோழவரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கார் பந்தயம்தான். அந்தத் தளம் எதற்காகப் போடப்பட்டது என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? அங்கிருந்து பறந்தவற்றின் பதிவேடுகளைத் தேட நாம் கியூவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 25 ஆண்டுகள் கடந்த பாதுகாப்புத் துறை ஆவணங்களை மதிப்பிட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வழிசெய்யும் கொள்கையைப் பாதுகாப்பு அமைச்சகம் 2021-இல்தான் அறிவித்தது. நல்ல முடிவு, ஆனால் மிகவும் தாமதமானது.

அரசு ஆவணங்களைவிட எனக்குக் கவலை தருபவை வீட்டு ஆவணங்கள். நான் வசிக்கும் இண்டூரிலிருந்து பெங்களூரு சில மணி நேரப் பயணம். வேலை தேடி அங்கே போவது எங்கள் பகுதிக்குப் புதிதன்று. அந்த விமானங்களைக் கழற்றிப் பூட்டிய கைகளில் தமிழர்களின் கைகளும் உண்டு. அவர்கள் மறைந்துவிட்டனர்; அவர்களது அடையாள அட்டையும், குழுவாக நின்று எடுத்த புகைப்படமும், கணக்கெழுதிய நோட்டும் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. வீடு மாறும்போதோ பாகப்பிரிவினையின்போதோ அவை எடைக்குப் போகின்றன.

அப்படியொரு புகைப்படம் உங்கள் வீட்டில் இருந்தால், பின்னணியில் நிற்கும் விமானத்தின் வாலுக்குச் சற்று முன்னே உடற்பகுதியில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். மங்கலாக இருந்தால் உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள். படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், அவர் செய்த வேலை ஆகியவற்றை வீட்டு முதியவரிடம் கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை காலப்போக்கில் மறுபக்கம் ஊறிவிடும்.