12 வாரக் கெடுவும் 14,000 ரூபாயும்

கர்ப்பம் தரித்த 12 வாரத்துக்குள் பெயரைப் பதிந்து, பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு எண்ணை வாங்க வேண்டுமே, அந்தக் கெடுவைப் பற்றித்தான் வாசகர் கடிதங்களில் அதிகக் குழப்பம். "தனியாரில்தான் பார்க்கிறோம், எங்களுக்கு எதற்கு பிக்மி எண்?" என்று கேட்கிறார்கள். எண் வேறு, உதவித்தொகை வேறு. எண் எல்லோருக்கும் உண்டு; 2017 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கே அதைக் கேட்கிறார்கள். மாநில அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும்.

அந்தப் பணத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அரசு சொல்லும் தொகை 18,000 ரூபாய். வங்கியில் ஏறுவது 14,000. மீதி 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வருகிறது: சத்துமாவு, நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக். 2024-ல் ஐந்து தவணைகள் மூன்றாகின. கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000. குழந்தைக்கு நான்கு மாதமானதும் 6,000. ஒன்பது மாதமானதும் 2,000. கூட்டிப் பார்த்தால், கர்ப்பிணி நன்றாகச் சாப்பிடவும் வேலைக்குப் போகாமல் ஓய்வெடுக்கவும் என்று சொல்லப்படும் ரொக்கத்தில் 8,000 பிரசவத்துக்குப் பிறகே வருகிறது. அந்த மாதங்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டவணையை ஒட்டியவை.

கெட்டிக்கார ஏற்பாடுதான். தாயைத் திரும்பத் திரும்ப ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழைக்கிறது. ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வைப் (2019-21) பாருங்கள். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன, கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் அது 44.4 ஆக இருந்தது. வருகையையும் ஊசியையும் பதிவேட்டில் குறித்துவிடலாம். தட்டில் என்ன விழுந்தது என்பதைக் குறிக்க அதில் கட்டம் இல்லை.

மத்திய அரசின் கணக்கும் நேராக இல்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் குறைந்தது 6,000 ரூபாய் என்கிறது. அரசு ஊழியர் போன்ற சிலரைத் தவிர எல்லாத் தாய்மாருக்கும் அது உரிமை. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் தருவதோ முதல் குழந்தைக்கு 5,000. இரண்டாவது குழந்தைக்கு 6,000 உண்டு, அது பெண்ணாக இருந்தால்.

மற்ற கேள்விகள்:

மூன்றாவது பிரசவம்? மாநில உதவித்தொகை கிடையாது.

வயது? 19 நிறைந்திருக்க வேண்டும்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால்? எண் அதேதான், அந்த ஊர் நர்ஸம்மாவிடம் காட்டுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை எத்தனை நாள்? கர்ப்பத்தில் 180, பிரசவத்துக்குப் பின் 180. காபி, டீ குடித்த கையோடு போட வேண்டாம்.